மல்லிகா மறந்த பாஸ்வேர்டு

இன்று காலை பேங்க் ஆப்பின் பாஸ்வேர்டு மறந்துபோனது. வயசாகிறது, வேறென்ன? ‘மறந்துவிட்டதா?’ என்று கேட்கும் இடத்தில் விரலை வைத்தேன். அடுத்த மூச்சுக்குள் செல்போனில் ஓர் எண் வந்து விழுந்தது. மனுஷக் குரலே கிடையாது. எனக்கு மல்லிகா ஞாபகம் வந்துவிட்டது. வந்தால் அன்றைய பொழுது போச்சு.

மலையில் விளையும் சாமை, தினை, கடுக்காயை வாங்கி வெளியூர்களுக்கு அனுப்புகிற பெரிய கம்பெனியில் அப்போது எனக்கு வேலை. தலைமை அலுவலகம் சென்னையில், நான் கள்ளக்குறிச்சியில். எங்கள் வட்டாரக் கிளைகளில் யார் யார் கம்ப்யூட்டருக்குள் நுழையலாம், யாருடைய கணக்கைத் திறப்பது, மூடுவது எல்லாம் என் பொறுப்பு. கோட்டைச் சாவியே என் இடுப்பில் தொங்குகிற மாதிரி ஒரு நினைப்பு. உண்மையில், மறந்தவர்களுக்குப் புதுப் பாஸ்வேர்டு போட்டுப் போனில் சொல்வதுதான் பாதி வேலை. சொன்னதை அவர்கள் திருப்பிச் சொல்ல வேண்டும், அது கம்பெனி வழக்கம். அன்றைக்கு எந்த மூட்டை கண்ணில் படுகிறதோ அதையே பாஸ்வேர்டாக வைப்பேன். கடுக்காய் வந்து இறங்கினால் அறை முழுக்கத் துவர்ப்பு வாசனை. அன்று எல்லாருக்கும் கடுக்காய்தான்.

வெள்ளிமலைக் கிளையில் இருந்த மல்லிகா மலைக்காரப் பெண். வாரம் தவறாமல் மறந்துவிடுவாள்.

“இன்னாங்க, மறுபடியும் மறந்துட்டீங்களா?”

“ஆமாங்க. நேத்து நல்லாத்தாங்க இருந்துச்சு.”

“சாமை போட்டிருக்கேன்.”

“சாமைங்க. இங்க மழ பெஞ்சிக்கினு இருக்குது. அங்க?”

இங்கே வெயில் மண்டையைப் பிளக்கும். அதைச் சொல்வேன். பேச்சு அப்படியே அவள் வூட்டுப் பலா மரம் வரைக்கும் போகும்.

இடஒதுக்கீட்டுப் போராட்டம் சூடாக இருந்த காலம் அது. எங்கள் ஆபீசில் டீக்குப் போகிறவர்கள்கூட இரண்டு கூட்டமாகப் பிரிந்துவிட்டார்கள். என் மாமா மறியலில் முன்வரிசை. சாலையை அடைத்துவிட்டால் நான் ஆபீசுக்குப் போக முடியாது. மலையில் யாருக்காவது பாஸ்வேர்டு மறந்தால் மூட்டைகள் அப்படியே கிடக்கும். கடைசியில் சென்னையிலிருந்து உத்தரவு வந்தது, கிளைக்கு ஒருவரிடம் கணக்கைத் திறந்து மூடுகிற, பாஸ்வேர்டு மாற்றுகிற அதிகாரத்தைப் பிரித்துக் கொடுத்துவிடு என்று. நான் மல்லிகா பெயரைச் சொன்னேன். வாரா வாரம் மறக்கிற பெண்ணுக்கா என்று மேலதிகாரி சிரித்தார். கெட்டிக்காரி சார் என்று சண்டை போட்டு வாங்கினேன்.

போனிலேயே சொல்லிக்கொடுத்தேன், ஒரே தடவையில் பிடித்துக்கொண்டாள்.

“இனிமே உங்க பாஸ்வேர்டையும் நீங்களே மாத்திக்கலாம். எனக்குப் போன் பண்ற தொல்லையே இல்ல” என்றேன், பெரிய வரம் கொடுத்தவன் மாதிரி.

“அப்டிங்களா” என்றாள்.

அதோடு அவளிடமிருந்து போன் வருவது நின்றுபோனது. எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏன் என்று எனக்கே புரியவில்லை, அப்படி ஒரு மண்டு. மறியல் விலகி மலையிலிருந்து லாரி இறங்கிய அன்று, அதில் வந்த, வெள்ளிமலைக் கிளையில் எடை போடும் அண்ணாமலையிடம், மல்லிகா இன்னும் பாஸ்வேர்டை மறக்கிறாளா என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

“அந்தப் பொண்ணா மறக்கும்? எங்க எல்லாரு பாஸ்வேர்டையும் அதுதாங்க நாபகம் வெச்சிக்கினு இருக்குது.”

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மலையேறிவிடுவது என்று சட்டைகூடத் தேய்த்து வைத்தாயிற்று. சனிக்கிழமையே மறுபடி மறியல், பஸ் ஓடவில்லை. அது விலகுவதற்குள், நான் வயல்வழியாக நடந்தே ஆபீசுக்குப் போயிருந்த ஒரு நாள், அவளே போன் செய்தாள். சேலம் பக்கத்து மலையில் கல்யாணம் நிச்சயமாகிவிட்டதாம். வேலையை விடுகிறாளாம்.

“எல்லாரு கணக்கையும் மூட முடியுதுங்க. என்னோடத மட்டும் என்னால மூட முடியல. நீங்கதான் மூடணும்.”

“மல்லிகா, நெசமாவே மறந்துச்சா?”



“ஒரு தடவகூட மறக்கலைங்க.”

“நான் வரட்டுமா? நடந்தாவது வந்துடுறேன்.”

“வாணாங்க. வூட்ல வாக்கு குடுத்துட்டாங்க. மூடிடுங்க.”

மூடினேன். “மூடியாச்சு” என்றேன்.

“மூடியாச்சுங்க” என்றாள், வழக்கம் மாறாமல்.

அந்தக் கம்பெனியும் போய்விட்டது. எங்கள் ஆபீஸ் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. பாஸ்வேர்டு மறந்தால் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. எவ்வளவு வசதி, நீங்களே சொல்லுங்கள்.

காலையில் வந்த எண்ணை அடித்தேன். புதுப் பாஸ்வேர்டு கேட்டது. சாமை என்று அடித்தேன். ரொம்பச் சுலபமாக இருக்கிறது, வேறு கொடு என்றது. சாமை, சாமை என்று வாய்விட்டே சொல்லிப் பார்த்தேன். திருப்பிச் சொல்ல ஆளில்லை.