எலிக்குக் குணமான செய்தி

பதினோரு வயதிலேயே எனக்குச் சர்க்கரை வந்துவிட்டது. அன்றிலிருந்து தினமும் இன்சுலின் ஊசிதான். ஸ்டெம் செல் ஆராய்ச்சியில் "அஞ்சு வருஷத்துல விடிவு வந்துரும்" என்று டாக்டர் சொல்லி எட்டு வருடம் ஓடியிருந்தபோது, அலங்காநல்லூரில் ஒரு கல்யாணம். மண்டபத்து மாடிப்படிக்குப் பின்னால் நின்று ஊசி போட்டுக்கொண்டு பந்தியில் உட்கார்ந்தேன். முதலில் கேசரி வந்தது. இலையைக் கையால் மறைத்தேன்.

பக்கத்தில் இருந்த தாய்மாமா, மடிப்பெல்லாம் கிழிந்த ஒரு பேப்பர் துண்டைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தார்.

"ஒனக்குன்னே ஒரு மாசமா வச்சிருக்கேன் மாப்ள. ஸ்டெம் செல்லுல சர்க்கரையக் குணமாக்கிட்டாகளாம். இன்னும் என்ன பத்தியம்? சாப்பிடு."

வாங்கிப் படித்தேன். குணமானது எலிக்கு. அதைக் கடைசி வரியில்தான் போட்டிருந்தார்கள்.

இன்னும் எத்தனை பேருக்குத்தான் எலியை விளக்குவது? சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்திருந்தது. இலையிலிருந்து கையை எடுத்தேன். பரிமாறுகிறவரிடம் மாமா, "நல்லா வைங்கண்ணே" என்றார். முழுவதையும் தின்றேன். கை கழுவப் போனவன், மறுபடியும் படிக்குப் பின்னால் நின்று இன்னொரு ஊசி போட்டுக்கொண்டு வந்தேன்.

"பாத்தியா, ஒண்ணும் செய்யலேல்ல?" என்றார் மாமா.

"இல்ல மாமா" என்றேன்.