தனித் தொட்டி

மருத்துவமனையின் சலவைப் பிரிவில் அவருக்கு ‘வேண்டாம்’ என்று பெயர். மேற்பார்வையாளர் வேலை இரண்டு முறை தேடி வந்தது. இரண்டு முறையும் வேண்டாம் என்றுவிட்டார். அவருக்குக் கீழே இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவன் இன்று அவரை அதட்டுகிறான்.

காரணம் வரி. லட்சம் வரை நூற்றுக்குப் பத்து, அதைத் தாண்டினால் இருபது. அவருடைய வருடச் சம்பளம் சரியாக லட்சம். வரி போகக் கையில் தொண்ணூறாயிரம். மேற்பார்வையாளருக்கு லட்சத்துப் பத்தாயிரம். அத்தனைக்கும் இருபது பிடித்தால் மிஞ்சுவது எண்பத்தெட்டாயிரம். ஏறிப் போய் எதற்கு இறங்க வேண்டும்?

“வெள்ளைத் துணியோட ஒரு சிவப்பு விழுந்தா மொத்தமும் சிவப்புதான்” என்பார். இதையே சொல்லி, ஆம்புலன்ஸ் ஓட்டும் மச்சினனையும் கூடுதல் ஷிப்ட் எடுக்கவிடாமல் தடுத்திருந்தார். அவன் மாடி அறைக்கு இன்னும் கூரை போடவில்லை.

மூன்றாம் முறையும் வேலை வந்தது. ஓய்வுபெற இரண்டு வருடம். கடைசிச் சம்பளத்தை வைத்துத்தான் ஓய்வூதியம். வழக்கம்போல் மறுக்கக் கணக்குப் பிரிவுக்குப் போனார்.

“எதுக்கண்ணே வேண்டாங்குறீங்க?” என்றாள் அங்கிருந்த பெண்.

சிவப்புத் துணிக் கதையைச் சொன்னார். அவள் சிரிப்பை அடக்கவில்லை.

“ஒரே தொட்டியில போட்டாத்தானே சாயம் ஏறும்? இது தனித்தனித் தொட்டி. மொத லட்சம் பத்துலயேதான் கெடக்கும். மேல வர்ற பத்தாயிரத்துக்கு மட்டும் இருபது. அதாவது ரெண்டாயிரம். ஆக மொத்தம் வரி பன்னெண்டாயிரம், கையில தொண்ணூத்தெட்டு. எல்லாத்தையும் சேர்த்துப் பார்த்தாலும் நூத்துக்குப் பதினொண்ணுகூட வரல.”

அவர் அவளுடைய மேசை விரிப்பின் ஓரத்தைப் பார்த்தார். சரியாகத் துவைக்கவில்லை. பிறகு சம்மதக் கையெழுத்துப் போட்டார்.

தன் நஷ்டம் தன்னோடு போகட்டும். மச்சினன் முகத்தில் எப்படி விழிப்பது? சாயங்காலம் மச்சினன் இவர் வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் சொன்னார்.

“உன் கூரைய நான்தான்டா கெடுத்தேன்.”

அவன் தலையைச் சொறிந்தான். “இல்ல மாமா. போன வருஷத்துலேர்ந்தே கூடுதல் ஷிப்ட் ஓட்டுறேன். கம்பியெல்லாம் வாங்கியாச்சு. உங்ககிட்டதான் சொல்லல.”

“உங்க அக்காவுக்குத் தெரியுமா?”

“அக்காதான் ஓட்டச் சொல்லிச்சு.”

சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது.

“ஏன்டி, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“சொல்ல வந்தேன்” என்றாள் மனைவி உள்ளேயிருந்தே. “வேண்டாம், பேசாதேன்னீங்க.”