வெள்ளையாய்க் கிடந்த நெடுவரிசைகள்

நான் எழுத்தராக இருக்கும் பள்ளியின் மாணவர் பட்டியல் கணினித் திரையைத் தாண்டி வலப்பக்கம் போய்க்கொண்டே இருக்கும். எனக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவர்கள் ஆளுக்கொரு நெடுவரிசை சேர்த்திருந்தார்கள். வேன் நிற்குமிடம், சைக்கிள் வாங்கியாச்சா, சுற்றுலாவுக்குச் சம்மதமா. தலைப்பு மட்டும் இருக்கும், கீழே ஒன்றும் இருக்காது. நகர்த்த நகர்த்த, கட்டுமாவடிப் பக்கம் கடல் உள்வாங்கிக் கிடக்கிற மதியம்போல வெறும் வெளிச்சம்தான்.

மருத்துவ முகாமுக்கு இரண்டு நாள் இருக்கும்போது தலைமையாசிரியை வந்தார்.

"பட்டியல் அடிச்சா அகலத்துக்கே மூணு தாள் ஓடுது சார். ஒரு தாளுக்குள்ள அடக்குங்க. டாக்டர் வந்து ஒட்டிப் பாத்துக்கிட்டா இருப்பாரு?"

அன்று மதியம் அழிக்க உட்கார்ந்தேன். ஒரு நெடுவரிசை போனதும் அடுத்தது சத்தமில்லாமல் நகர்ந்து வந்து அந்த இடத்தில் அமர்ந்துகொள்ளும். மின்விசிறிக் காற்றில் கண் சொக்கியது. அழிக்க அழிக்க மனசு லேசாகி, நானே எங்கோ மிதப்பதுபோல் இருந்தது. காலியா என்று பார்க்கத் திரையில் தெரிந்த முதல் முப்பது பெயர்கள் போதுமென்று விட்டுவிட்டேன். 'குறிப்பு' என்று ஒன்று இருந்தது. அதுவும் வெள்ளை. எடுத்துவிட்டேன்.

அதே பள்ளியில் என் மகள் எட்டாம் வகுப்பு. அவள் பெயர் 'ய'வில் தொடங்குவதால் பட்டியலின் அடியில் கிடக்கும்.

முகாம் அன்று காலை செவிலியர் அந்தத் தாள்களோடு அலுவலகத்துக்கு வந்தார்.

"சார், எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒண்ணு காது வலின்னு வந்துச்சு. மாத்திரை குடுத்தா, இது பென்சிலினான்னு கேக்குது. சின்னப்ப அதுல மூச்சு முட்டிருச்சாம். ஒங்க லிஸ்டுல ஒண்ணுமே போடலையே?"

என் மகளைப் பள்ளியில் சேர்த்த அன்று, அப்போதிருந்த எழுத்தரிடம் அதைச் சொல்லி, அவர் தட்டி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றவன் நான்.

மகள் கதவோரம் வந்து நின்றாள். நான் செய்ததைச் சொன்னேன்.

"நல்லவேளைப்பா, என் பேராச்சும் தப்பிச்சுச்சு" என்று காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பழைய பிரதி ஒன்று பென்டிரைவில் இருந்தது. அந்த நெடுவரிசையைக் கடைசிவரை இறக்கிப் பார்த்தேன். நானூறு பெயர்களுக்கு இரண்டே குறிப்புகள். ஒன்று மகளுடையது. மற்றது வல்லத்திராக்கோட்டையிலிருந்து வருகிற ஒன்றாம் வகுப்புக் குழந்தையுடையது. அவளுக்கும் அதே மருந்து ஆகாது. மருந்தின் பெயரைக் கேட்கிற வயசில்லை அவளுக்கு.

ஒன்றாம் வகுப்பு வரிசை புங்கமரத்தடியில் நின்றது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, டாக்டருக்கு முன்னால் மூன்றாவது ஆளாக அவள் இருந்தாள். போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். எங்கள் முறை வந்தது.

"ஒங்க பிள்ளையா?" என்றார் டாக்டர்.

"இல்ல, இவரு ஆபீஸ் சாரு" என்றது குழந்தை. "கைய விடவே மாட்டேங்கிறாரு."

நான் குறிப்பைச் சொன்னேன். டாக்டர் அவள் சீட்டில் சிவப்பு மையில் எழுதி, வேறு மருந்து கொடுத்தார். அதற்குப் பிறகும் வகுப்பு வாசல்வரை கூடவே போனேன். வேண்டாமென்று அவள் சொல்லவில்லை.