வெள்ளைப் பட்டுச் சட்டையும் ஆறு நிமிடப் படமும்

மகளுக்குப் பன்னிரண்டு வயது நடந்த வருடம் நான் ராசவீட்டுப் பிள்ளைகளின் உடுப்புகளுக்குக் காவல் இருந்தேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரெஞ்சு அரச குடும்பங்கள் பிள்ளை வளர்த்த விதத்தைக் காட்ட, பாரிஸில் ஒரு அருங்காட்சியகம் கண்காட்சி வைத்திருந்தது. காவல் கொம்பனி என்னை அந்த அறைக்கு அனுப்பியது. காலையில் நாங்கள் இருந்த புறநகர் சார்செலில் ரயில் ஏறி வந்து, கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு, கண்ணாடிப் பெட்டிகளுக்கு நடுவில் நாள் முழுக்க நிற்பேன். யாரும் எதையும் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் வேலை.

சும்மா நிற்கிற மனிதன் வேறு என்ன செய்வான், வாசித்தேன். ஊரில் பத்தாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது; மிச்சத்தைப் பெட்டிகளின் ஓரத்தில் ஒட்டியிருந்த குறிப்புகளில் படித்தேன் என்று சொன்னால் பொய்யில்லை. விளங்காத சொல்லை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு போய் ரயிலில் தேடுவேன். ஆண்பிள்ளைகளுக்கும் ஆறேழு வயது வரை பாவாடைதான் என்பதும், பேரரசர் ஒருவரின் மகனுக்கு நடை பழகும் வயதிலேயே படைவீரன் சீருடை தைத்துப் போட்டார்கள் என்பதும் அப்படித் தெரிந்துகொண்டவைதான்.

எனக்குப் பிடித்தவர் குடையோடு தெருவில் நடந்து திரிந்த அரசர். வீடு நிறையப் பிள்ளைகள். பெடியன்களை மற்றப் பிள்ளைகளோடு சேர்த்துச் சாதாரணப் பள்ளிக்கூடத்துக்கு விட்டவர். கடைசியில் சனம் எழும்பியபோது கிருதாவை மழித்து, வேறு பெயரில் கடதாசி எடுத்துக் கப்பல் ஏறினார். இதை, தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒரு தேத்தண்ணிக் கடையில் சொன்னேன். "அப்ப அவரும் எங்கடை ஆள்தான். எந்த ஏஜென்சி அனுப்பினது எண்டு கேட்டீங்களோ?" என்றார் ஒருவர். அப்படியே வேறு பெயரில் வந்து சேர்ந்தவர்கள்தான் அங்கே பாதிப் பேர்; கடை முழுக்கச் சிரித்தது.

இன்னொரு கதையும் வைத்திருந்தேன். தகப்பன் கொலையுண்டு சில மாதம் கழித்துப் பிறந்த ராசகுமாரன் ஒருவன். பிள்ளையை மாற்றி வைத்துவிட்டார்கள் என்று பிறகு யாரும் சொல்லக்கூடாதென்று, தொப்புள்கொடி அறுக்க முதலே காவல் வீரர்களைக் கூப்பிட்டுத் தாயின் கட்டிலடியில் நிறுத்திக் காட்டினார்களாம். இதையும் சிரிப்புக் கதையாகத்தான் சொல்லித் திரிந்தேன். அதே அறையில் என்னோடு வேலைக்கு நின்ற பாண்டிச்சேரி அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"அந்தப் பொண்ணுக்கு எப்படி இருந்திருக்கும்னு யாராச்சும் எழுதி வெச்சிருக்காங்களா, மிஸ்யே?" என்று கேட்டார்.

எழுதி வைத்திருக்கவில்லை. நான் தேடவும் இல்லை.

அறையின் மூலையில் ஒரு ராசகுமாரியின் ஓவியமும், அதன் பக்கத்தில் அவள் போட்டிருந்த சட்டையும் இருந்தன. வெள்ளைப் பட்டு. தோள் இரண்டும் வெளியே தெரியும்; கைகள் காற்றடைத்த மாதிரிப் பொம்மி நிற்கும்; இடுப்பில் நீல நாடா. அவளுக்கும் பன்னிரண்டு வயது என்று குறிப்பில் இருந்தது.

என் மகள் பெரியபிள்ளையாகிவிட்டாள் என்று மனைவி தொலைபேசியில் சொன்னபோது நான் அந்தச் சட்டையின் முன்னால்தான் நின்றேன். மகளுக்கு வயிறு நோகிறதா, பயந்துவிட்டாளா என்று கேட்கவேண்டிய தகப்பன், அவளுடைய இடுப்பளவு என்னவாக இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தான்.

மகள் சாமத்திய வீட்டுச் சடங்கு வேண்டாம் என்றாள். பிரெஞ்சில் சொன்னாள்: "இது என் விஷயம். ஏன் ஊருக்குச் சொல்லவேண்டும்?"

"உன்ரை மச்சாள்மாருக்கெல்லாம் செய்ததுதானே," என்றார் மனைவி. "செய்யாட்டில் பிள்ளையிலை ஏதோ குறையெண்டு கதைக்குங்கள்."

மூன்று நாள் இழுபறிக்குப் பிறகு மகள் இறங்கி வந்தாள். வீட்டில், ஒரு சீலை, ஆலாத்தி, நெருங்கின சொந்தம் மட்டும். "சரியா அப்பா?" என்று கேட்டாள். நான் ஓம் என்றேன். ஓம் என்றது வாய்தான். கால் அந்தச் சனிக்கிழமையே லா சப்பலில் ரூ பெர்தொனே தெருவுக்குப் போய், மணவறைச் சோடனை வாடகைக்குக் கொடுக்கும் கடையில் மண்டபமும் குதிரை வண்டியும் கதைத்துவிட்டு வந்தது.

அதே மாதிரிச் சட்டை மகளுக்குத் தைக்கக் கொடுப்பதற்காக அந்த ஓவியத்தை நான் படம் எடுத்தபோது பாண்டிச்சேரி அம்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த மாதிரிப் படத்தை வேற தேசத்து அரண்மனைக்கு அனுப்பி வெச்சுத்தான் சம்பந்தம் பேசுவாங்க. உடுத்தினது அவ, பார்த்தது ஊரு. உங்க பொண்ணு கேட்டாளா இதை?"

"ஆசைப்படுவா அம்மா," என்றேன்.

அவள் ஆசைப்படவில்லை. அந்த வெள்ளைப் பட்டுச் சட்டையோடு வந்து, மண்டப வாசலில் குதிரை வண்டியைக் கண்டதும் என்னை ஒரு தரம் பார்த்தாள். அழுதால் பூச்சுக் கரைந்துவிடும் என்று மனைவி கன்னத்தை ஒற்றிவிட்டார். வந்த சனம் முழுக்க "ராசகுமாரி மாதிரி" என்றது. அந்தச் சொல்லுக்காகத்தான் அவ்வளவும்.

படம் பிடித்தவர் மனைவியின் சித்தி மகன். ரூ பெர்தொனேயில் மாடியில் சின்ன ஸ்டூடியோ வைத்திருக்கிறார். எல்லாவற்றையும் வெட்டிக் கொத்தி ஆறு நிமிடத்துக்கு ஒரு படம் செய்தார். கமெரா மேலே பறந்து எடுத்த வண்டி, தண்ணி வார்க்கும்போது அவள் கண்ணை மூடுவது மெதுவாக, கடைசியில் அவள் பெயரும் பூப்புனித நீராட்டு விழா என்ற எழுத்தும். அதோடு விட்டிருக்கலாம். நான்தான் பிரெஞ்சிலும் போடச் சொன்னேன். இது என்ன விழா, எதற்காகச் செய்கிறோம் என்று மூன்று வரி நானே எழுதிக் கொடுத்தேன். அருங்காட்சியகத்தில் ஒட்டியிருந்த குறிப்புகளைப் பார்த்துப் பழகிய கை. பிரெஞ்சுக்காரருக்கும் விளங்க வேண்டுமே. படம் யூடியூப்பில் ஏறியது. நான் கனடா, லண்டன், கூட வேலை செய்கிறவர்கள் என்று ஒருவர் விடாமல் அனுப்பினேன்.

பாண்டிச்சேரி அம்மா அதைச் சத்தமில்லாமல் வைத்து முழுக்கப் பார்த்தார். தொலைபேசியைத் திருப்பித் தந்தபோது, "ராஜாக்களுக்காவது நாடு, வாரிசுன்னு ஒரு சாக்கு இருந்திச்சு," என்றார். நான் அவருக்குப் பொறாமை என்று நினைத்தேன்.

இரண்டு கிழமையில் மகளின் பள்ளிக்கூடத்தில் யாரோ அதைக் கண்டுபிடித்தார்கள். வாசிக்கத் தெரிந்த பிள்ளைகளுக்கு விளங்கும்படி அதில் எல்லாம் எழுதியிருந்தது. அன்று பின்னேரம் வந்து, அபூர்வமாக, தமிழில் கேட்டாள்.

"அப்பா, அதை எடுக்கச் சொல்லுங்கோ. இண்டைக்கே."

"ஓம் பிள்ளை, சொல்லுறன்."

நான் சொல்லவில்லை. சொந்தக்காரன் மினக்கெட்டுச் செய்ததை அழி என்று எப்படிச் சொல்வது என்று ஒரு காரணம் வைத்திருந்தேன். அது பாதிதான். மீதி, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நான் அந்தப் படத்தைத் திறந்து, எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் என்று பார்ப்பேன். எண் ஏறியிருக்கும். என் வாழ்க்கையில் வேறு எதையும் அத்தனை பேர் திரும்பிப் பார்த்ததில்லை. அவள் கேட்கும்போதெல்லாம் பொய் சொன்னேன். மாமாவுக்குச் சொல்லியாயிற்று, அவர் யூடியூப்புக்கு எழுதிப் போட்டிருக்கிறார், அமெரிக்காவில் இருந்து பதில் வரவேண்டும். அவள் நம்பினாள். ஏறக்குறைய இரண்டு வருடம் நம்பினாள்.

பதினாலு வயதில், தாயோடு லா சப்பலுக்குச் சாமான் வாங்கப் போன இடத்தில், அவளே அந்த ஸ்டூடியோ மாடிக்கு ஏறினாள். அங்கே நடந்ததை மனைவி பிறகு எனக்குச் சொன்னார்.

"மாமா, என்ரை படத்தை எடுத்துவிடுங்கோ. அப்பா கேட்டு ரெண்டு வருசமாச்சு."

"அத்தான் ஒருநாளும் கேக்கேல்லையே பிள்ளை," என்றாராம் அவர். "கேட்டிருந்தா அண்டைக்கே எடுத்திருப்பன். நான் ஏன் வைச்சிருக்கிறன்?"

அவள் நிற்க நிற்க, கணினியில் இரண்டு தட்டுத் தட்டி எடுத்துவிட்டார். படிக்கட்டில் ஏறின நேரம்கூட ஆகவில்லையாம்.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்திருந்தேன். வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, பிரெஞ்சில் ஒன்றே ஒன்று கேட்டாள்: "நீங்கள் அதை எத்தனை தரம் பார்த்தீர்கள்?" பதிலுக்காக நிற்காமல் தன் அறைக்குப் போய்விட்டாள்.

இப்போது அவளுக்கு இருபத்திரண்டு. பொபினியில் சிநேகிதியோடு வீடெடுத்து இருக்கிறாள். தீபாவளிக்கு வருவாள். மழையைப் பற்றியும் ரயில் வேலைநிறுத்தத்தைப் பற்றியும் என்னோடு கதைப்பாள். மரியாதையில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

போன மாசியில் மனைவி நாலு நாள் தொடர்ந்து சோற்றைக் குழைய வைத்து, ரசத்தோடு கட்டிக்கொண்டு போனார். தன் சிநேகிதி ஒருத்திக்குச் சுகமில்லை என்றார். ஐந்தாம் நாள் பையைக் கொண்டுவந்து கொடுக்க ட்ராம் தரிப்பு வரை போனேன். அங்கே வைத்துத்தான் உடைந்தார்: மகளுக்கு ஒப்பரேசன். கட்டி ஒன்று எடுத்திருக்கிறார்கள், பயப்பட ஒன்றுமில்லை.

"எனக்கேன் சொல்லேல்லை நீர்?"

"சொல்லக்கூடாதெண்டு சத்தியம் வாங்கினவள். அப்பாவுக்குச் சொன்னா ஊருக்குச் சொன்ன மாதிரியாம்."

ட்ராம் வந்தது. பையை ஏற்றிக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன்.

இதை எழுதி முடித்ததும், யாருக்கும் காட்ட முதல் அவளுக்கு அனுப்பினேன். ஒரு கிழமை கழித்துப் பிரெஞ்சில் பதில் வந்தது. யாருடைய பெயரும் இருக்கக்கூடாது. பள்ளிக்கூடத்தில் தனக்கு நடந்ததை நான் எழுதியிருந்த பக்கத்தை முழுக்க எடுத்துவிட வேண்டும். எடுத்துவிட்டேன். ஒப்பரேசனைப் பற்றியதையும் எடுக்கவா என்று கேட்டு எழுதினேன்.

"அது இருக்கட்டும்," என்று பதில் போட்டாள். "அது என்னைப் பற்றியது இல்லை, உங்களைப் பற்றியது."