எழுந்து போகிற விதி

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று நாற்பதுக்கு ஃபிரிட்ஜின் மேலிருந்த அறக்கட்டளை போன் அடித்தது. வஞ்சிரம் பொரித்த சட்டியை ஊறப்போட்டுக்கொண்டிருந்தேன். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எடுத்தேன்.

"வணக்கம். ஒரு புகார் சொல்லணும்" என்றது குரல்.

அந்தக் குரல் போனில் ஒரு முறையும், சமையலறை ஜன்னல் வழியாக மொட்டைமாடியிலிருந்து ஒரு முறையும் கேட்டது. என் மகளின் குரல். சற்று முன்புதான் காய்ந்த துணியை எடுத்து வருகிறேன் என்று மேலே போயிருந்தாள்.

"அடியே, மாடியிலேர்ந்தா பண்ற? இறங்கி வந்து சொல்லேன்."

ஜன்னல் வழியாகத் துணி உதறும் சத்தம் கேட்டது. பிறகு, "மேடம், அம்மாவா வேணாம். தலைவராப் பேசுங்க" என்றாள்.

பதினேழு வயதுவரை அவள் என்னை மேடம் என்று அழைத்ததில்லை. இன்றைக்கும் அந்த போன் அடித்தால் என் கண் முதலில் ஜன்னல் பக்கம்தான் போகிறது.

நான் தலைவரான கதையைச் சொல்லிவிடுகிறேன். தண்டையார்பேட்டையில் எங்கள் பக்கம் பிள்ளைகள் நடக்கக் கற்றதும் பந்தை உதைப்பார்கள், இல்லையென்றால் கையில் துணி சுற்றிக்கொண்டு குத்துவார்கள். பயிற்சி முடியும்வரை வெளியே காத்திருக்கும் பெற்றோர் நாங்கள் பேசிப் பேசி ஆரம்பித்ததுதான் அறக்கட்டளை. விளையாடும் பிள்ளைகளை யாரும் அடிக்கக் கூடாது, தகாதபடி தொடக் கூடாது, கேவலமாகப் பேசக் கூடாது. அப்படி நடந்தால் பிள்ளை சொல்ல ஒரு இடம் வேண்டும். அவ்வளவுதான் எங்கள் நோக்கம். நிர்வாகக் குழுவில் ஐந்து பேர். அக்கம்பக்கத்து கிளப்புகள் எங்கள் முடிவுக்குக் கட்டுப்படுவதாக ஒப்புக்கொண்டிருந்தன.

நான் ராயபுரத்தில், துறைமுகச் சரக்குகளுக்குச் சுங்க அனுமதி வாங்கித் தரும் அலுவலகம் ஒன்றில் காகிதங்களைச் சரிபார்க்கிறேன். ஒரு எண் தவறினால் கண்டெய்னர் நின்றுவிடும் என்ற பயத்திலேயே ஊறியவள். மகள் முதன்முதலில் குத்துச்சண்டை ரிங்கில் ஏறிய நாளில், நடுவரிடம் போய் இன்னும் மெத்தென்ற கையுறை இருக்கிறதா என்று கேட்டவள் நான்தான். தலைவர் பதவிக்கு என் பெயரைச் சொன்னபோது, எனக்கு எல்லாவற்றுக்கும் பயம் என்று மறுத்தேன். முகத்துவாரக்குப்பத்திலிருந்து மீன் கொண்டுவந்து விற்கும் அக்கா, எங்கள் துணைத் தலைவர், விடவில்லை.

"பயப்படற ஆளுதான் வோணும். தைரியமான ஆளு நல்லா தூங்கிடும்மா" என்றார். எல்லோரும் கை தூக்கிவிட்டார்கள்.

எங்கள் அறை, பொருளாளர் அண்ணாச்சியின் மளிகைக் கடைக்கு மேலே இருக்கிறது. பூட்டிய அறையில் பெரியவர் எவரும் பிள்ளையோடு தனியாக இருக்கக் கூடாது என்று விதி எழுதிய அன்று, அண்ணாச்சி ஆள் வைத்துக் கதவையே கழற்றிவிட்டார். "பேச்சுன்னா பேச்சா இருக்கணும்லா" என்றார். கழற்றிய கதவை வீணாக்குவானேன் என்று இரண்டு எண்ணெய் டிரம் மேல் படுக்கவைத்தார். அதுதான் எங்கள் கூட்ட மேசை. கைப்பிடி இன்னும் அப்படியே இருக்கிறது. டீ டம்ளரை வைக்கும்போது பார்த்து வைக்க வேண்டும்.

இன்னொரு விதியும் உண்டு. புகார் சொல்பவருக்கோ, புகாருக்கு உள்ளானவருக்கோ குழுவில் யாராவது சொந்தமென்றால், அவர் எழுந்து வெளியே போய்விட வேண்டும். மீதி இருப்பவர்கள் மூன்று பேராவது இருந்தால்தான் முடிவு செல்லும். எழுந்து போகிற விதி என்று அதற்குப் பெயர் வைத்துச் சிரித்தோம்.

அறக்கட்டளை போன் வாரம் ஒருவர் வீட்டில் இருக்கும், ஞாயிறு காலையில் கை மாறும். அதை எடுப்பவர் எப்படிப் பேச வேண்டும் என்றும் நான்தான் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன். அவசரப்படுத்தக் கூடாது. ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்கவே கூடாது.

"இப்ப பத்திரமா இருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"மொட்டைமாடியில இருக்கேன்."

"அது தெரியும். சொல்லுங்க."

சொன்னாள். அவளுடைய பாக்ஸிங் பயிற்சியாளரை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். போட்டிக்கு எடை பார்க்கும் நாளுக்கு முன்பு அவர் தண்ணீர் குடிக்க விடுவதில்லை. பிளாஸ்டிக் கோட்டு மாட்டி வெயிலில் ஓடவிடுகிறார். அதற்கும் எடை இறங்கவில்லையென்றால் ஸ்கிப்பிங் கயிற்றால் கெண்டைக்காலில் அடிக்கிறார். இவளையும் அடித்திருக்கிறார். நேற்று சின்னப் பெண் ஒருத்தி மயங்கி விழுந்துவிட்டாள். எழுப்பி உட்காரவைத்து, நடிக்கிறாயா என்று கேட்டிருக்கிறார்.

எனக்கு அந்த மாஸ்டரைத் தெரியும். எங்கள் வீட்டில் சாப்பிட்டிருக்கிறார். விளையாட்டு ஒதுக்கீட்டில் எத்தனையோ பிள்ளைகளை ரயில்வேயிலும் போலீஸிலும் சேர்த்துவிட்டவர் என்று பாதி வட்டாரம் அவரைக் கும்பிடும். தொண்டைவரை பத்துக் கேள்வி வந்தது. பத்தும் அம்மாவின் கேள்விகள்.

"சொன்னதுக்கு நன்றி. உங்க மேல எந்தத் தப்பும் இல்ல. ஆனா இதை நான் மத்தவங்களுக்குச் சொல்லியாகணும்."

"தெரியும் மேடம். அதுக்குத்தான் பண்ணேன்."

வைத்துவிட்டாள். துணியோடு இறங்கி வந்து, கட்டிலில் போட்டுவிட்டு, தட்டில் மிச்சமிருந்த மீன் துண்டை நின்றபடியே தின்றாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். புகார் கொடுத்தவரிடம் தலைவர் போனைத் தாண்டித் தனியாகத் துருவக் கூடாது என்பதும் என் விதிதான்.

"உப்பு கம்மி" என்றாள்.

விதிப்படி அன்றே குழு கூட வேண்டும். ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். செயலாளர், துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்றவர், மாஸ்டர் பெயரை இன்னொரு முறை சொல்லச் சொன்னார். பிறகு, "என் தங்கச்சி வூட்டுக்காரரும்மா அவரு" என்றார். எனக்கு மறந்தே போயிருந்தது.

ஐந்து மணிக்கு மேலே ஏறினோம். மகள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். மீன்கார அக்கா தலைமை இடத்தில், கதவின் கைப்பிடிக்கு நேராக, கூடையைக் காலருகே வைத்துக்கொண்டு அமர்ந்தார். அண்ணாச்சி பக்கத்தில். மூன்றாவது ஆளான ஓய்வுபெற்ற விளையாட்டு டீச்சர் இன்னும் வரவில்லை. எண்ணூரில் தன் மகள் வீட்டுக்குப் போனவர், கண்டெய்னர் லாரி வரிசையில் ஆட்டோவோடு மாட்டிக்கொண்டிருந்தார்.

"டீச்சர் வர்ற வரைக்கும் பொண்ணு சொல்றதைக் கேட்டு வச்சுக்குவமே" என்றார் அண்ணாச்சி.

"மூணு பேரு இல்லாம எப்டி அண்ணாச்சி? அப்பால டீச்சருக்கு ஒருவாட்டி சொல்லணுமா அது? ஒரே வாட்டிதான்" என்றார் அக்கா. பிறகு எங்கள் இருவரையும் பார்த்தார். "நீங்க ரெண்டு பேரும் இன்னா குந்திகினு கீறீங்க? கெளம்புங்க."

எழுந்தோம். படிக்கட்டில் நின்றுகொள்கிறோம் என்றேன்.

"கதவு எங்க கீது? டீ வச்சிகினு கீறோம் அது மேல. படியில நின்னா அல்லாமும் கேக்கும்."

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. கதவைக் கழற்றத் தெரிந்த எங்களுக்கு, ஒரு பெண் தனியாகப் பேச வேண்டிய நாள் வரும் என்று தோன்றவே இல்லை. அண்ணாச்சி வேகமாக ஒரு யோசனை செய்தார். கீழே மாவு மிஷினை ஓடவிட்டால் யார் காதிலும் விழாது என்று இறங்கிப் போய்ப் போட்டுவிட்டார். கட்டடமே அதிர்ந்தது. மேசை மேலிருந்த டம்ளர்கள் கைப்பிடியை நோக்கி நகர ஆரம்பித்தன.

"நிறுத்து அண்ணாச்சி" என்று அக்கா கத்துவது மட்டும் கேட்டது. "பொண்ணு இன்னா ஏலமா வுடப் போவுது, கூவிகினு சொல்றதுக்கு?"

மிஷின் நின்றது. மகள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டே நானும் செயலாளரும் இறங்கி, எதிரில் இருந்த டீக்கடைக்கு அனுப்பப்பட்டோம். அங்கிருந்து மாடி ஜன்னல் தெரியும், பேச்சுக் கேட்காது. மகளின் பின்னலின் நுனி மட்டும் தெரிந்தது.

ஒரே பெஞ்சில் இருவர். புகார் கொடுத்தவளின் தாய் ஒருத்தி, புகாருக்கு ஆளானவரின் மைத்துனர் ஒருவர். அதைப் பற்றி மட்டும் பேசக் கூடாது.

"டீ நல்லாத்தான் போடறான்" என்றார் அவர்.

"சக்கரை அதிகம்ணே."

"ஆமா, அதிகம்."

கிரேனைப் பற்றிச் சொன்னார். மேலிருந்து பார்த்தால் ஆட்கள் தெரியாது, ஹெல்மெட் மட்டும்தான் தெரியும் என்றார். நான் சுங்கக் காகிதங்களைப் பற்றிச் சொன்னேன். கொட்டாவி விடாமல் கேட்டார். பேசிக்கொண்டே இருந்தாலும் எனக்குள் ஒரு கேள்விதான் ஓடியது. ஒரே வீட்டில் இருக்கிறோம், ஒரே தட்டில் சாப்பிடுகிறோம். இவள் ஏன் என்னிடம் சொல்லாமல் அந்த போனிடம் சொன்னாள்?

அவருடைய செல்போன் பெஞ்சில் அதிர்ந்தது. தங்கச்சி என்று தெரிந்தது. திருப்பிக் கவிழ்த்து வைத்தார். மறுபடி அதிர்ந்தது.

"எடுத்தா கேக்கும். சொன்னா தப்பு. தெரியாதுன்னு சொன்னா பொய்யி" என்றார். "இன்னொரு டீ சொல்லட்டா?"

"சொல்லுங்கண்ணே."

இரண்டாவது டீயும் ஆறிப்போன பிறகு, சாலை முனையில் விசில் சத்தம் கேட்டது. பள்ளி மைதானத்தில் ஊதுகிற அதே விசில். டீச்சர் ஆட்டோவை விட்டுவிட்டுப் பாதி வழி நடந்து, மீதி வழி யாரோ ஒருவரின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்திருக்கிறார். லாரி வழிவிடாத இடத்தில் எல்லாம் ஊதியிருக்கிறார். பைக் ஓட்டி வந்தவர் காதைத் தேய்த்துக்கொண்டே போனார்.

"நீங்க ரெண்டு பேரும் ஏன் வெளிய?" என்றார் டீச்சர்.

"அவுட் ஆயிட்டோம் டீச்சர்" என்றார் செயலாளர்.

அவர் மேலே போனார். பின்னலின் நுனி அசைந்தது, நிமிர்ந்தது, வெகுநேரம் அசையவில்லை. ஒரு தடவை குனிந்து மறைந்தது. நான் எழுந்துவிட்டேன். செயலாளர் என் கையைப் பிடிக்கவில்லை. தன் டம்ளரை மட்டும் என் பக்கம் நகர்த்தினார். நான் உட்கார்ந்தேன்.

என் பயம் எதுவென்று எனக்கு நன்றாகவே தெரிந்தது. மாஸ்டர் போய்விட்டால் யார் சொல்லிக்கொடுப்பார்கள், அவர் இருந்தால் இவள் எப்படிப் போவாள். எப்படிப் பார்த்தாலும் இவளுடைய கையுறை அலமாரிக்குப் போய்விடும். அதோடு, வெட்கமாக இருக்கிறது சொல்வதற்கு, அலமாரிக்குப் போனால் நிம்மதியாக இருக்கும் என்றும் ஒரு மூலையில் நினைத்துக்கொண்டேன்.

விளக்கு வைக்கும் நேரத்தில் அக்கா கூடையோடு இறங்கி வந்தார். எங்கள் இருவருக்கும் நடுவில் இடம் பண்ணி உட்கார்ந்தார்.

"ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே வாட்டி சொல்றேன். நாளையிலேர்ந்து மாஸ்டர் கிளப்பாண்ட வரக் கூடாது. விசாரணை முடியிற வரைக்கும். கொயந்தைங்க பாதுகாப்பு ஆபீஸுக்குக் காலைல நானும் அண்ணாச்சியும் போறோம். மயங்கி வுயுந்த பொண்ணு வூட்டுக்கு டீச்சர் போவுது. பிராக்டிஸு நிக்காது. அதையும் டீச்சரே பாத்துக்கும்."

"டீச்சருக்கு பாக்ஸிங் தெரியாதேக்கா" என்றேன்.

"விசிலு தெரியும். மீதியை பெரிய பொண்ணுங்க பாத்துக்கும். தப்பு பண்ண ஆளு வெளிய, புள்ள உள்ள. நீதானம்மா விதி எழுதன அன்னிக்கு நூறு வாட்டி சொல்லிகினு இருந்தே. நான் தூங்காம கேட்டேன்."

செயலாளர் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். "இப்ப போனை எடுக்கலாம்ல?"

"எடு மாமு. நேராப் போயே சொல்லு. தங்கச்சியைத் தனியா வுட்றாத."

அவர் போனார். இன்றுவரை விசாரணை முடியவில்லை. எங்கள் தெருவில் சிலர் என்னைப் பார்த்தால் செல்போனைப் பார்க்கிறார்கள். செயலாளர் மட்டும் எல்லாக் கூட்டத்துக்கும் வருகிறார், இந்தப் பேச்சு எடுத்தால் தானே எழுந்து டீக்கடைக்குப் போகிறார். போகும்போது என்னையும் பார்ப்பார். நானும் எழுந்துவிடுவேன். இப்போது டீக்கடைக்காரர் எங்களுக்குச் சர்க்கரையைக் குறைத்துப் போடுகிறார். அறைக்குக் கதவு மாட்டவில்லை. அண்ணாச்சி கண்ணாடி வைத்த தடுப்பு ஒன்று செய்யச் சொல்லியிருக்கிறார். பார்க்கலாம், கேட்க முடியாது என்கிறார்.

அன்று கடைசியாக இறங்கி வந்தவள் என் மகள். சாலையைக் கடந்து, பெஞ்சில் செயலாளர் இருந்த இடத்தில் உட்கார்ந்தாள். கண் சிவந்திருந்தது, வாயில் அண்ணாச்சி கொடுத்த கடலை மிட்டாய். நான் கேட்கவில்லை. என் பக்கம் திரும்பாமல் அவளே சொன்னாள்.

"போன வாரம் போன் அண்ணாச்சிகிட்ட இருந்துச்சு. உன் வாரம் வரட்டும்னு வெயிட் பண்ணேன். வீட்ல அம்மாகிட்ட சொன்னா பாக்ஸிங்கையே நிறுத்தியிருப்ப. தலைவரால நிறுத்த முடியாதில்ல."

மிட்டாயைக் கடித்து முடித்தாள்.

"சரி, தலைவர் போலாம். அம்மா இருந்தா வரச் சொல்லு, பசிக்குது."