நாற்பது பேர் கேட்ட பதினாறு எண்கள்

போன வருஷம், மழை பிடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் நடந்தது இது, பிள்ளைகளே. தெமோதரைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில், பட்டப்பகலில், நாற்பது பேர் முன்னிலையில் நடந்தது.

என் மூத்த மகள் மாகாண ஓட்டப் போட்டிக்குத் தெரிவாகியிருந்தாள். அதுவரை வெறுங்காலோடுதான் ஓடினாள். “அங்க எல்லாரும் ஆணி வச்ச சப்பாத்து போட்டுத்தான் ஓடுவாங்கப்பா” என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். அப்புறம் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. பதுளைக் கடைகளில் அவள் அளவுக்குக் கிடைக்கவில்லை. கொழும்பில் வேலை செய்யும் என் மச்சான், இணையத்தில் ஒரு கடையில் இருப்பதாகவும், கார்டு நம்பரைச் சொன்னால் தானே ஓடர் பண்ணுவதாகவும் சொன்னான்.

சம்பளம் வங்கிக்கு வருவதால் என்னிடமும் ஒரு கார்டு இருந்தது. காசு எடுக்கும் மெஷினில் போடுவதைத் தவிர அதைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

நாங்கள் குடியிருக்கும் லயத்து வீடுகள் பக்கம் சிக்னல் கிடையாது. மேலே ஒரு பாறை இருக்கிறது. அதில் ஏறி நின்று, கத்திப் பேசினால்தான் மறுபக்கம் கேட்கும். நான் வேலை செய்யும் தேயிலைத் தொழிற்சாலையில் சாப்பாட்டு நேரம் விட்டதும் ஏறினேன். கீழே சரிவில் பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். நான் பேசுவது மச்சானோடு மட்டும்தான் என்று என் நினைப்பு!

பதினாறு எண்களையும் கத்தினேன். “பிழைன்னு காட்டுது மச்சான், திரும்பச் சொல்லுங்க” என்றான். மறுபடி கத்தினேன். பாதியில் கீழேயிருந்து ஒரு குரல்:

“அண்ணே, மொதல்ல அந்த எடத்துல எட்டுன்னீங்க, இப்ப மூணுங்கிறீங்க! எது சரி?”

கார்டைக் கண்ணுக்கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தேன். தேய்ந்துபோன மூன்றுதான் அது. மலையே சிரித்தது. நானும் சிரித்தேன். நம்பர் சரியாகிவிட்ட சந்தோஷத்தில், கார்டு முடியும் மாதத்தையும் பின்பக்கத்து மூன்று எண்களையும் சேர்த்துக் கத்தினேன். அந்த மூன்றையும் கீழே இரண்டு பேர் பாட்டாகவே திருப்பிச் சொன்னார்கள்.

உடனே போனில் ஒரு மெசேஜ் வந்தது. ஆறு எண்கள். “அதையும் சொல்லுங்க மச்சான்” என்றான். “நாலு...” என்று ஆரம்பித்தேன்.

“வாய மூடுங்கண்ணே!”

என் பிழையைத் திருத்திய அதே தங்கச்சிதான். கூடையோடு மேலே ஓடிவந்து, போனைப் பிடுங்கி நிறுத்திவிட்டாள். அவளுக்கு மூச்சு வாங்கியது.

“என்ன தங்கச்சி, உங்க மேல எனக்கு நம்பிக்கை இல்லாமலா?” என்றேன்.

“நம்பிக்கையெல்லாம் சரிண்ணே. நாளைக்கு உங்க காசு காணாமப் போனா யார நெனப்பீங்க? எங்க நாப்பது பேரத்தானே?”

அவள் முன்பு கொழும்பில் ஒரு வீட்டில் வேலை செய்தவள். அங்கே ஒரு நாள் பணம் காணாமல் போனது. மூன்று நாள் கழித்து வீட்டுக்காரர்களுடைய அலமாரியிலேயே கிடைத்தது. “அந்த மூணு நாளும் எல்லாரும் என்னையேதான் பாத்தாங்கண்ணே” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். பிறகு இறங்கிக் கொழுந்து பறிக்கப் போய்விட்டாள்.

மறுநாள் லீவு போட்டுப் பதுளை வங்கிக்குப் போனேன். நடந்ததைக் கேட்டு, அங்கே வேலை செய்யும் மிஸ் முதலில் சிரித்தார். பிறகு பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். பிள்ளைகளே, நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள். பதினாறாவது எண், முன்னால் உள்ள பதினைந்தையும் சரிபார்ப்பதற்காகவே இருக்கிறதாம். ஒரு எண் மாறினாலும் கணக்கு உதைக்கும். அதனால்தான் என் எட்டு பிடிபட்டது. பின்பக்கத்து மூன்று எண்கள், கார்டு கையில் இருப்பவருக்கு மட்டும் தெரிய வேண்டியவை. அந்த ஆறு எண்கள், “வாங்குவது நீதானா?” என்று வங்கி நம்மிடம் கேட்கும் கேள்வி. அதற்கான பதிலை மச்சானிடம்கூடச் சொல்லக் கூடாதாம்.

பழைய கார்டை அங்கேயே நிறுத்தினார்கள். புதியது வர ஒரு வாரம் ஆகும், போட்டியோ அந்தச் சனிக்கிழமையே. வங்கிப் புத்தகத்தைக் காட்டிக் காசு எடுத்துக்கொண்டு, பஜாரில் சப்பாத்துக் கடை கடையாக ஏறி இறங்கினேன். கடைசியில் ஒரு முஸ்லிம் கடைக்கார நானா உள்ளே கிடந்த பெட்டிகளையெல்லாம் இறக்கித் தேடி ஆணி வைத்த ஒரு சோடி எடுத்தார். ஓரளவு பெரியது. “ரெண்டு மேஸ் போடச் சொல்லுங்க, புள்ள பறக்கும்” என்று சொல்லி, இரண்டாவது சோடிக் காலுறையைச் சும்மாவே தந்தார்.

மகள் மூன்றாவதாக வந்தாள். பதக்கத்தை முதலில் காட்டியது எனக்கில்லை, பாறைக்குக் கீழே இருந்த அந்தத் தங்கச்சிக்கு.

இப்போதும் நான் போனோடு பாறையில் ஏறினால் போதும், கீழே நாற்பது பேரும் கொழுந்தை விட்டுவிட்டு இரண்டு காதையும் பொத்திக்கொள்வார்கள். நானும் சிரித்துக்கொண்டே மழையைப் பற்றி மட்டும் பேசுகிறேன். நம் இரகசியத்தை நாமே வைத்துக்கொள்வது பிறரை நம்பாததால் அல்ல, ஒரு நாளும் அவர்களைச் சந்தேகத்தோடு பார்க்க நேரக் கூடாது என்பதற்காகத்தான் என்று அந்தப் பாறையில் நிற்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.