அத்தை வீட்டுச் சீர்: ராம் ஒன்று

என் லேப்டாப்பைப் பேரீச்சம்பழத்துக்குப் போடச் சொன்னவன் என் சித்தி மகன். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறான். ரிப்பேரும் பார்ப்பான், டிசைன் வேலையும் எடுப்பான். சொந்தத்தில் ஒருவன் கடை வைத்திருக்கும்போது வேறு இடத்தில் கொடுத்தால் குடும்பமே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும். அதனால் தூசி தட்டித் தரச்சொல்லி அவனிடம்தான் கொடுத்தேன். திரும்பி வந்த நாளிலிருந்து அது நின்று நின்று ஓடியது.

"அதுக்கு வயசாயிருச்சுக்கா. பேரீச்சம்பழத்துக்குப் போட்டுட்டுப் புதுசு எடுத்துக்க, நான் பாத்துத் தாரேன்" என்றான்.

நான் வீட்டிலிருந்தே சேலைக் கடைகளுக்கு விளம்பரப் படம் செய்து கொடுப்பவள். அந்த லேப்டாப்தான் என் சோறு. சின்னாளப்பட்டிச் சுங்குடிச் சேலைக் கடைக்காரர் ஒருவரின் பொங்கல் வேலை பாதியில் உறைந்து நின்றது. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு அவர் வேறு இடத்தில் கொடுத்துவிட்டார். அந்த வேறு இடம் இதே தம்பியின் கடை என்று பின்னால்தான் தெரிந்தது.

பேகம்பூரில் பழைய கம்ப்யூட்டர் சாமான் விற்கும் பாய் ஒருவர் மாடலைப் பார்த்துவிட்டு, "இதுல ப்ராசஸரைக் கழட்டி மாத்தலாம்மா. புது மாடல்லதான் போர்டோட ஒட்டிக்கிட்டு வரும். ராமையும் சேத்து மாத்துங்க, இன்னும் நாலு வருசம் ஓடும்" என்றார். பொருத்தமான ப்ராசஸர் ஒன்றும், விரல் நீள மெமரித் தகடான ராம் நாலு ஜிபியில் இரண்டும் வாங்கி வந்தேன்.

வீடியோ பார்த்துப் பார்த்துத் திருகுகளைக் கழற்றினேன். ராம் மூடியைத் திறந்ததும் கை நின்றுவிட்டது. இரண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருந்தது. இரண்டு ஜிபி ராம் இரண்டு என்று வாங்கிய பில்லிலேயே போட்டிருந்தது. அவனைத் தவிர யாரும் அதைத் திறந்ததில்லை. எடுபட்ட பயல், அக்கா பொருள் என்றுகூடப் பார்க்கவில்லை.

பழைய ப்ராசஸரில் காய்ந்து கிடந்த, சூட்டைக் கடத்தும் பேஸ்ட்டைத் துடைத்து எடுத்து, புதியதை உட்காரவைத்து, அரிசியளவு புது பேஸ்ட் வைத்து மூடினேன். பட்டனை அமுக்கினேன். எட்டு ஜிபி என்று காட்டியது. பத்துச் சேலைப் படங்களை ஒன்றாகத் திறந்தேன். அது தயங்கவே இல்லை.

போன் போட்டு நாலு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கறுவிக்கொண்டு இருந்தேன். அடுத்த மாதம் அவன் மகளுக்கு எரியோட்டுப் பக்கம் குலசாமி கோயிலில் காதுகுத்து. சீர் கொண்டுவருகிறவர்கள் என்ன கொண்டுவந்தோம் என்று துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள். மைக் பிடித்திருப்பவர் அதை அப்படியே வாசிப்பார்.

அத்தை முறைக்கு நானும் தட்டு எடுத்துப் போனேன். தேங்காய், பழம், பிள்ளைக்குப் பட்டுப்பாவாடை. வெற்றிலை மேல், மிச்சமிருந்த அந்த ஒற்றை ராம். நான் எழுதிய சீட்டை மைக்காரர் வாசித்தார்.

"அத்தை வீட்டுச் சீர். பட்டுப்பாவாடை ஒன்று. ரெண்டு ஜிபி ராம் ஒன்று. தம்பி ஏற்கெனவே கழற்றி எடுத்துக்கொண்ட ராமுக்கு இது ஜோடி."

வாசித்து முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். குத்திய காதைப் பிடித்துக்கொண்டு பிள்ளை அழுதது. அதற்காக மட்டும் மனசு கொஞ்சம் கனத்தது. அவன் காது பிள்ளையின் காதைவிடச் சிவந்திருந்தது. அதைப் பார்த்ததும் சரியாகிவிட்டது.

பந்தியில் எனக்குப் பக்கத்து இலை சுங்குடிக் கடைக்காரருடையது. புது வாடிக்கையாளர் என்று அவன்தான் அழைத்திருந்தான்.

"லேப்டாப் இப்ப ஓடுதாம்மா?" என்று கேட்டார்.

"பறக்குதுங்கய்யா."

"அப்ப ஆடி மாச வேலையை நீங்களே பாத்துக்கங்க."

விருந்து வைப்பவன் தன் கையால் பரிமாற வேண்டும் என்பது எங்கள் வழக்கம். கறி வாளியோடு அவனும் பக்கத்தில்தான் நின்றான்.

"போதுமாக்கா?" என்றான், இலையை மட்டும் பார்த்தபடி.

"இன்னும் வை. பாத்து, வைக்கிற சாக்குல இலையில இருந்து எதையும் எடுத்துட்டுப் போயிராத."